சூடு தாங்கும் படலம்

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் ஸ்ரீவில்லிபுத்தூர் எலக்ட்ரீஷியன் முதலில் மாற்றுவது கண்டென்சரைத்தான். 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்ட அந்த டப்பாவை உடைத்தால், இறுக்கிச் சுருட்டிய, வெள்ளிபோல் மினுங்கும் படலம் வரும். சில மைக்ரான் தடிமனுள்ள பாலிபுரொப்பிலீன், மேலே அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு. உலோகம் மின்னூட்டத்தை ஏந்தும். பிளாஸ்டிக் நடுவில் நின்று மறிக்கும். மறிக்கும் பொருளுக்கு மின்காப்பு என்று பெயர்.

படலத்தில் எங்காவது பலவீனமான புள்ளி இருந்தால் அங்கே பொறி தெறிக்கும். சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகிவிடும். பழுதான இடம் தனித்துப்போகும், மற்றது வேலை செய்யும். படலம் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போவதால் கொள்திறன் குறைந்துகொண்டே வரும். ஃபேன் தளர்வது பெரும்பாலும் இதனால்தான்.

ராஜபாளையம் நூற்பாலைகளில் பெரிய கண்டென்சர்களின் தொகுப்பான கெப்பாசிட்டர் பேங்கிலும் பெரும்பாலும் இதே படலம்தான். மோட்டார்களின் காந்தப்புலத்துக்கு வேண்டிய மின்னோட்டத்தை அது பக்கத்திலிருந்தே கொடுத்து வாங்குகிறது. இல்லாவிட்டால் பவர் ஃபேக்டர் விழும், பில் ஏறும்.

230 வோல்ட்டில் ஃபேன் கண்டென்சர் சேமிப்பது உச்சத்தில் சுமார் 0.13 ஜூல். ஒரு பென்சில் பேட்டரியில் பல ஆயிரம் ஜூல் இருக்கும். ஆனால் கண்டென்சர்போல் நொடிக்குள் கொட்டித் திரும்ப நிரப்பிக்கொள்ள பேட்டரியால் ஆகாது.

இந்தச் சேமிப்பைக் கூட்ட, மின்காப்பை மாற்ற வேண்டும். வெற்றிடத்தைப்போல் எத்தனை மடங்கு மின்னூட்டத்தைச் சேர்க்க விடும் என்பதே ஒரு பொருளின் ஒப்புமை விடுதிறன். பாலிபுரொப்பிலீனுக்கு அது சுமார் 2.2; பேரியம் டைட்டனேட்டுக்கு ஆயிரத்துக்கும் மேல். அந்தப் பொடியைப் பிளாஸ்டிக்கில் கலந்தால் தீர்ந்தது என்று தோன்றும். தீரவில்லை. விடுதிறன் இரு மடங்கானால் ஆற்றலும் இரு மடங்கு. தாங்கும் மின்புலம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. பொடியோ, தன்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் மின்புலத்தைக் குவித்து, சீக்கிரமே முறியவைக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் எதிர்வழியில் போனார்கள். போரான் நைட்ரைடின் விடுதிறன் நான்கை ஒட்டியதுதான். அதன் நானோ தகடுகளைப் பாலிமரில் பரப்பியபோது, சூட்டில் கசியும் எலக்ட்ரான்களை அவை மறித்தன. 250 டிகிரி செல்சியஸிலும் படலம் வேலை செய்தது. பாலிபுரொப்பிலீனுக்கு 85 தாண்டினாலே வோல்ட்டைக் குறைக்க வேண்டும். 105 ஏறக்குறைய எல்லை. சித்திரை வெயிலில் மூடிய பேனலுக்குள் வேலை செய்யும் நம் பக்கத்துக்கு, கூடுதல் ஜூலைவிட இந்தச் சூடு தாங்கும் குணமே முக்கியம் என்பேன்.

ஆனால் இப்படிப்பட்ட படலம் ஆலைக்கு வர விலை மட்டுமல்ல தடை. சூடு தாங்கும் பாலிமர்கள் பலவற்றில் ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் கார்பன் அதிகம். பொறி தெறித்த இடத்தில் அது கரியாகப் படியும். கரியோ மின்சாரத்தைக் கடத்தும். அப்புறம் காயம் ஆறாது.