விண்கலத்தின் மென்பொருள்

விண்கலத்தின் திசையைத் திருத்துவது, மின்கலம் வற்றாமல் காப்பது, கருவிகளை நேரத்துக்கு இயக்குவது, பூமியிலிருந்து வரும் கட்டளைகளை நிறைவேற்றுவது, எடுத்த அளவீடுகளைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அதனுள் இருக்கும் கணினியில் ஓடும் பறப்பு மென்பொருளின் வேலை. கார் பிரேக்கிலும் மருத்துவக் கருவிகளிலும் ஓடும் உட்பொதி மென்பொருளின் இனம்தான் இதுவும். ஆனால் கலம் ஏவப்பட்ட பிறகு இந்தக் கணினியை யாராலும் கழற்றிப் பார்க்க முடியாது. செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் வரை ஆவதால், நெருக்கடியில் பூமியைக் கேட்டு நடக்கவும் வழியில்லை. இத்துறையின் பழக்கங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தும் பிறந்தவை.

முதல் கட்டுப்பாடு வன்பொருள். 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் மூளை ரேட்750 என்ற செயலி. அதன் வேகம் அதிகபட்சம் 200 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 256 மெகாபைட். இன்றைய சாதாரணக் கைப்பேசியே இதைப் பல மடங்கு மிஞ்சிவிடும். இருந்தும் 2021-இல் இறங்கிய பெர்சிவரன்சிலும் அதே வகைச் செயலிதான், ஏனென்றால் அது கதிர்வீச்சைத் தாங்கும். விண்வெளியில் பாயும் மின்னேற்றத் துகள் ஒன்று நினைவகத்தில் பட்டால் 0 இருந்த இடம் 1 ஆகிவிடலாம். அந்த ஒரு பிட் ஒரு கட்டளையின் பொருளையே மாற்றிவிடும். எனவே நினைவகத்தில் உள்ள ஒவ்வொரு தரவுச் சொல்லுடனும் பிழை கண்டு திருத்தும் கூடுதல் பிட்கள் சேமிக்கப்படுகின்றன. நினைவகம் முழுவதையும் இடைவிடாமல் வாசித்து, கெட்டதைத் திருத்தி எழுதும் பணி ஒன்றும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

நிரல்கள் பெரும்பாலும் சி, சி++, ஏடா மொழிகளில் எழுதப்படுகின்றன. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்டு ஹோல்ஸ்மன் 2006-இல் வெளியிட்ட பத்து விதிகள் இத்துறையில் பெயர்பெற்றவை. ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைக்கக் கூடாது. ஒவ்வொரு சுழலுக்கும் உச்சவரம்பு வேண்டும். தொடக்கநிலை முடிந்தபின் புதிதாக நினைவகம் கேட்கக் கூடாது. கம்பைலர் காட்டும் எந்த எச்சரிக்கையும் மிச்சம் இருக்கக் கூடாது. இணையச் செயலி எழுதிப் பழகியவருக்கு இவை கை கட்டிப்போட்டதுபோல் இருக்கும். ஆனால் நிரல் எவ்வளவு நேரம் ஓடும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே நிரூபிக்க இவை உதவுகின்றன.

நேரம்தான் இத்தொழிலின் கடினமான பாடம். 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அதன் மென்பொருளில் பல பணிகள் முன்னுரிமைப்படி ஒரே செயலியைப் பகிர்ந்துகொண்டன. தரவுப் பாதையைக் கவனிக்கும் பணி மேல்நிலை, வானிலை அளவீடுகளைச் சேர்க்கும் பணி கீழ்நிலை. இரண்டுக்கும் பொதுவான ஓரிடத்துக்கு ஒரு பூட்டு இருந்தது. வானிலைப் பணி பூட்டைப் பிடித்திருந்த நேரத்தில் நடுநிலைப் பணிகள் புகுந்து செயலியை எடுத்துக்கொண்டன. வானிலைப் பணிக்கு ஓட வாய்ப்பில்லை, பூட்டு திறக்கவில்லை. மேல்நிலைப் பணியோ பூட்டுக்காகக் காத்து நின்றது. நொடிக்கு எட்டு முறை முடியவேண்டிய வேலை முடியாததைக் கண்ட மற்றொரு பணி, பெருங்கோளாறு என்று கருதிக் கணினியை மறுதொடக்கம் செய்தது.

பூமியில் இருந்த நகல் கலத்தில் பொறியாளர்கள் அதே நிலைமையை வரவழைத்துக் காரணத்தைப் பிடித்தனர். பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி இயங்குதளத்தில் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பூட்டுக்கு அது அணைக்கப்பட்டிருந்தது. திருத்தம் வானொலி வழியே அனுப்பப்பட்டது, ரீசெட் நின்றது. ஏவுவதற்கு முந்தைய சோதனைகளிலும் இது எட்டிப்பார்த்திருக்கிறது. திரும்ப வரவழைக்க முடியாததால் கிடப்பில் விடப்பட்டது. சோதனையில் ஒரே ஒரு முறை தோன்றி மறையும் கோளாறை அலட்சியம் செய்யாததே மூத்த பொறியாளரின் முதல் தகுதி.

பழுதை எதிர்பார்த்து எழுதுவதே பறப்பு மென்பொருளின் பெரும்பகுதி. ஏதேனும் புரியாமல் போனால் கலம் பாதுகாப்பு நிலைக்குச் செல்லும்: ஆய்வுக் கருவிகளை நிறுத்தி, சூரியத் தகடுகளைச் சூரியன் பக்கம் திருப்பி, பூமியின் கட்டளைக்குக் காத்திருக்கும். முக்கியக் கணினிகள் இரட்டையாக இருக்கும். ஆனால் இரண்டிலும் ஒரே நிரல் என்றால் தவறும் ஒன்றே. 1996 ஜூன் 4 அன்று கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய முதல் ஏரியான்-5 ராக்கெட்டில் நடந்தது அதுதான். முந்தைய ஏரியான்-4-க்கு எழுதிய நிரல் அதில் அப்படியே சேர்க்கப்பட்டிருந்தது. பக்கவாட்டு வேகம் சார்ந்த 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டில் அடைக்க முயன்றபோது அது கொள்ளவில்லை. மாற்றுக் கணினியும் முதன்மைக் கணினியும் அதே காரணத்தால் நின்றன. கிளம்பிய சுமார் 40 நொடிகளில் ராக்கெட் அழிந்தது. புதிய ராக்கெட்டின் பாதை பழையதைவிட வேகமாகப் பக்கவாட்டில் சாயும் என்பதை யாரும் அந்த எண்ணுடன் பொருத்திப் பார்க்கவில்லை.

அதனால்தான் மூத்த பொறியாளரின் நாளில் நிரல் எழுதும் நேரம் குறைவு. மின்னணுப் பொறியாளருடன் உணரியின் அளவு வரம்புகளைச் சரிபார்ப்பது, அடுத்தவர் நிரலை வரி வரியாகப் படிப்பது, நகல் கலத்தில் வேண்டுமென்றே உணரியைச் செயலிழக்க வைத்து நடப்பதைப் பார்ப்பது, அனுப்பப்போகும் கட்டளைத் தொகுப்புக்கு ஒப்புதல் தருவது என அது நகர்கிறது. ஏவிய பிறகும் பொறுப்பு தீராது. 1977-இல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம், 2023 நவம்பரில் புரியாத தரவை அனுப்பத் தொடங்கியது. ஒரு நினைவகச் சில்லு கெட்டிருந்தது. அதிலிருந்த நிரல் முழுவதையும் வைக்க வேறெங்கும் ஒரே இடம் கிடைக்கவில்லை. பொறியாளர்கள் அதைத் துண்டுகளாக்கி வெவ்வேறு இடங்களில் பொருத்தினர். ஒவ்வொரு துண்டும் மற்றதைச் சரியாகக் குறிப்பிட வேண்டும், சிக்னல் போய்ச்சேர 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2024 ஏப்ரல் 20 அன்று கலத்தின் உடல்நிலைத் தரவு மீண்டும் படிக்கக் கிடைத்தது.

இத்தகைய மென்பொருளை வெளியாரும் பார்க்க வழியுண்டு. செவ்வாயில் பறந்த இன்ஜெனியூட்டி ஹெலிகாப்டரில் ஓடிய எஃப் பிரைம் மென்பொருள் கட்டமைப்பும், நாசாவின் சி.எஃப்.எஸ். கட்டமைப்பும் திறமூலமாக வெளியிடப்பட்டுள்ளன. சி அல்லது சி++ தெரிந்த எந்தக் கல்லூரி மாணவரும் அவற்றைத் தம் கணினியில் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம்.