கல்யாண கேக்குக்கு எந்த ஐசிங்? மே மாசம், சென்னை, ஏசி இல்லாத புல்வெளி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன வாரம் நம்ம நேயர் ஒருத்தங்க வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. நாலு நிமிஷம். முதல் நிமிஷம் சிரிச்சுக்கிட்டே பேசினாங்க, கடைசி நிமிஷத்துல குரல் கொஞ்சம் உடைஞ்சிடுச்சு. விஷயம் கேக்.

அவங்களுக்கு மே மாசம் சென்னையில ரிசப்ஷன், புல்வெளியில, சாயங்காலம். மாப்பிள்ளை வீடு கிறிஸ்தவக் குடும்பம். இவங்க வீட்டுல முட்டை கூட சமையலறைக்குள்ள வராது. வருங்கால மாமியாருக்குத் தன் கல்யாண போட்டோவுல இருக்கிற மாதிரி மூணு அடுக்கு, வெள்ளை வெளேர்னு, வழவழன்னு கேக் வேணும். இவங்களுக்கு இன்ஸ்டாகிராம்ல பார்த்த பட்டர்க்ரீம் மேல ஆசை. ஆனா இது எல்லாத்தையும் விட இவங்க கேட்டது ஒண்ணுதான்: "என் பாட்டி அந்த கேக்ல ஒரு வாய் சாப்பிடணும். அவங்க இந்தக் கல்யாணத்துக்கு சரின்னு சொல்றதுக்கே ஒரு வருஷம் ஆச்சு."

சரி, எந்த ஐசிங்? ஐசிங்னா கேக் மேல பூசற இனிப்பு, அவ்வளவுதானேன்னு தோணும். உண்மையில் அது கொழுப்பு, சர்க்கரை, தண்ணீர், காற்று இந்த நாலுக்கும் நடுவுல இருக்கிற ஒரு ஒப்பந்தம். சூடு வந்தா அந்த ஒப்பந்தத்தை முதல்ல மீறுறது கொழுப்பு.

பட்டர்க்ரீம்ல இருந்து ஆரம்பிப்போம். வெண்ணெய் ஏறத்தாழ 20 டிகிரியில அடிக்கிறதுக்குப் பதமா இருக்கும். 32ல இருந்து 35க்குள்ள உருகிடும். சென்னையில மே மாசம் பகல்ல 38, 40 போறது சாதாரணம். சாயங்காலம் ஆறு மணிக்கும் பெரும்பாலும் முப்பதுக்குக் கீழ இறங்காது. கணக்கு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். இதுல சாதாரண அமெரிக்கன் வகைன்னா வெண்ணெயும் அதைப்போல ரெண்டு மடங்கு ஐசிங் சுகரும். சுவிஸ் மெராங் வகைன்னா முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் ஆவியில 70 டிகிரி வரைக்கும் சூடாக்கி, நுரைக்க அடிச்சு, அப்புறம் வெண்ணெய் சேர்க்கணும். பட்டு மாதிரி இருக்கும், திகட்டாது. 2018ல இளவரசர் ஹாரி, மேகன் கல்யாணத்துக்கு கிளேர் டாக் செஞ்ச எலுமிச்சை, எல்டர்ஃப்ளவர் கேக்ல பூசினது இந்த சுவிஸ் மெராங் பட்டர்க்ரீம்தான். அதுவும் மே மாசம்தான். ஆனா அது விண்ட்சர், இது ஈஞ்சம்பாக்கம்.

என் சித்தி பொண்ணு ரிசப்ஷன்ல நான் இதை நேர்லயே பார்த்தேன். கேக் நாலரை மணிக்கு மண்டபத்துக்கு வந்துடுச்சு. ஏசியை ஆறரைக்குத்தான் போட்டாங்க, மணிக்கணக்குல காசாச்சே. பத்திரிகையில ஏழு மணின்னு போட்டிருந்தது. போட்டோகிராஃபர் விட்டு, பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வந்தப்போ எட்டேகால். அதுக்குள்ள மேல் அடுக்கு மெதுவா ஒரு பக்கம் நகர ஆரம்பிச்சிருச்சு. எங்க சித்தப்பா ரெண்டு கையையும் கேக் பின்னாடி மறைவா வச்சுத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னார். ஆல்பத்துல இன்னும் அவரோட முழங்கை தெரியும். கேக் செஞ்சவங்க மேல நான் தப்பே சொல்லமாட்டேன். கேக் எவ்வளவு நேரம் வெளியில நிக்கும்னு யாருமே அவங்ககிட்ட சொல்லலை.

பட்டர்க்ரீம்ல வெண்ணெயைக் குறைச்சு வனஸ்பதி மாதிரி கெட்டிக் கொழுப்பு சேர்த்தா நிக்கும். ஆனா நாக்குல மெழுகு ஒட்டின மாதிரி ஒரு படலம் தங்கும். எனக்குப் பிடிக்காது.

அடுத்தது, நம்ம ஊர் பேக்கரி கேக்ல பெரும்பாலும் இருக்கிற விப்பிங் க்ரீம். பால்ல இருந்து எடுத்த க்ரீம் நல்லா நுரைச்சு நிக்கணும்னா 35 சதவீதம் கிட்ட கொழுப்பு வேணும். கடையில அட்டைப்பெட்டியில வர்ற ஃப்ரெஷ் க்ரீம்ல 25தான். அதனாலதான் வீட்டுல எவ்வளவு அடிச்சாலும் அது தண்ணியாவே இருக்கு, உங்க கை மேல தப்பில்லை. பேக்கரிகள்ல அதிகமா போறது பாமாயில் வகைக் கொழுப்புல செஞ்ச நான்-டெய்ரி க்ரீம். சுலபமா நிக்கும், விலையும் கட்டுப்படியாகும், முட்டை கிடையாது. ஆனா குளிர்ல இருந்து வெளியில வந்து ரொம்ப நேரம் தாங்காது. மூணு அடுக்கைச் சுமக்கற பலமும் அதுக்கு இல்லை.

இப்போ மாமியாரோட வெள்ளை கேக். அவங்க போட்டோவுல இருக்கிறது அனேகமா ராயல் ஐசிங். முட்டை வெள்ளை, ஐசிங் சுகர், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. காய்ஞ்சா ஓடு மாதிரி கெட்டியாகிடும். கொழுப்பே இல்லாததால வெயில் அதை உருக்காது. 1840ல விக்டோரியா ராணி கல்யாணத்துக்கு வெள்ளை ஐசிங் பூசின பிரம்மாண்டமான கேக் வச்சாங்க. அந்தக் காலத்துல நல்லா சுத்திகரிச்ச வெள்ளைச் சர்க்கரைக்கு விலை அதிகம், அதனால வெள்ளையா இருக்கிறதே ஒரு அந்தஸ்து. ஆனா பாட்டிக்கு இது ஆகாது. முட்டை.

அப்போ ஃபாண்டன்ட்? சப்பாத்தி மாதிரி தேய்ச்சு கேக் மேல போர்த்தறாங்களே, அது. சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், கிளிசரின், கூடவே ஜெலட்டின். இந்த ஜெலட்டினை கவனிங்க. அது மாட்டு எலும்பு, தோல், இல்லைன்னா பன்றித் தோல்ல இருந்து எடுக்கறது. "எக்லெஸ் கேக்"னு சொல்லி வாங்கிட்டு, மேல இதைப் போர்த்தி எத்தனை பேர் பாட்டிகளுக்குக் கொடுத்திருப்போமோ! தாவரப் பிசின் சேர்த்து செய்யற ஃபாண்டன்டும் இருக்கு. பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கான்னு பார்த்தா போதும். கேக் செய்யறவங்ககிட்ட அந்த பாக்கெட்டோட போட்டோவைக் கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

ஃபாண்டன்டுக்கு வெயில் எதிரி இல்லை, ஈரம்தான் எதிரி. கடலோர சென்னையில மே மாசக் காத்துல அவ்வளவு ஈரம் இருக்கு. 25 டிகிரிக்குக் கீழ குளிர்ந்த எந்தப் பொருளை வெளியில கொண்டுவந்தாலும் அது மேல நீர் பூக்கும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் வேர்க்குதே, அதே கதை. பாட்டிலைத் துடைச்சுடலாம், ஃபாண்டன்ட்ல சர்க்கரை கரைஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும். அதனால ஃபாண்டன்ட் கேக்கை ஃப்ரிட்ஜ்ல வைக்காம, ஏசி ரூம்ல பெட்டியோட வைக்கணும். வெளியில கொண்டுவந்த பிறகும் கொஞ்ச நேரம் பெட்டியைத் திறக்கக் கூடாது. நீர் பூத்தா பெட்டி மேல பூக்கட்டும்.

ருசி? நேர்மையா சொன்னா, பாதிப் பேர் ஃபாண்டன்டை உரிச்சு தட்டு ஓரத்துல வச்சுடறாங்க. அதனால அடியில என்ன பூசறோம்ங்கறதுதான் முக்கியம். இந்த இடத்துக்கு என் ஓட்டு கனாஷ். சாக்லேட்டும் க்ரீமும் சேர்த்துச் செய்யறது. டார்க் சாக்லேட்னா ரெண்டு பங்குக்கு ஒரு பங்கு க்ரீம். வெள்ளை சாக்லேட்னா மூணுக்கு ஒண்ணு, வெயில் காலத்துல நாலுக்கு ஒண்ணு. கெட்டியா பிடிச்சு ஃபாண்டன்டுக்கு நல்ல சுவர் மாதிரி நிக்கும்.

இனி நேயருக்கு என் பதில். மூணு அடுக்கும் நிஜ கேக்கா இருக்கணும்னு யார் சொன்னது? இலங்கையில கல்யாண கேக்கை ரவை, முந்திரி, பழமெல்லாம் போட்டு முன்னாடியே செஞ்சு, சின்னத் துண்டாக்கி, பெட்டியில போட்டு விருந்தாளிங்க கையில கொடுத்துடுவாங்க. மேடையில நிக்கிற அலங்காரம் பல கல்யாணங்கள்ல வெறும் அமைப்புதான். நீங்களும் கீழ் ரெண்டு அடுக்கை தெர்மோகோல்ல வச்சு, சைவ ஃபாண்டன்ட் போர்த்தச் சொல்லுங்க. மாமியாருக்கு போட்டோவுல வெள்ளை கிடைச்சுடும். மேல் அடுக்கு மட்டும் முட்டையில்லாத நிஜ கேக், உள்ள வெள்ளை சாக்லேட் கனாஷ், மேல மெல்லிசா அதே ஃபாண்டன்ட். நீங்க வெட்டறது அது. வந்தவங்களுக்குப் பரிமாற சாதாரண சதுர கேக், க்ரீம் பூசி, பின்னாடி ஃப்ரிட்ஜ்லயே இருக்கட்டும். வெட்டின உடனே தட்டுக்குப் போகட்டும். செலவும் பெரும்பாலும் குறையும்.

பட்டர்க்ரீம் ஆசையை மட்டும் விட்டுடுங்க, ப்ளீஸ். இல்லைன்னா ரிசப்ஷனை ஏசி ஹாலுக்கு மாத்துங்க.

கேக் செய்யறவங்ககிட்ட முதல்ல சொல்ல வேண்டியது டிசைன் இல்லை, நேரம். கேக் எத்தனை மணிக்கு வரும், எங்க நிக்கும், நிஜமாவே எத்தனை மணிக்கு வெட்டுவீங்க. பத்திரிகையில போட்ட நேரத்தைச் சொல்லாதீங்க. அதோட ஒன்றரை மணி நேரம் கூட்டிச் சொல்லுங்க.

மேல் அடுக்குல முதல் துண்டு பாட்டிக்கு. போட்டோ அனுப்புங்க, நாங்க எல்லாரும் காத்திருக்கோம்.