குளம் துடைக்கும் கருவி ஏன் நின்றது?

நீச்சல் குளத்தின் அடித்தரையில் ஆமைபோல் ஊர்ந்து செல்லும் ஒரு கருவி உண்டு. அதன் முதுகிலிருந்து நீண்ட ஹோஸ் ஒன்று குளத்துச் சுவரிலுள்ள துளைக்குப் போகிறது. கருவிக்குள் மோட்டார் இல்லை, மின்கம்பி இல்லை, சக்கரங்கூட இல்லை. ஆயினும் அது தானே நகர்ந்து, படிந்த மண்ணையும் இலைத் துணுக்குகளையும் அள்ளிக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்ஸ் நகரில் ஃபெர்டினாண்ட் ஷோவியே என்ற பொறியாளர் 1974-இல் உருவாக்கிய 'கிரீப்பி கிராலி' இவ்வகையில் பெயர் பெற்றது.

இது எப்படி நகர்கிறது? குளத்து நீரை வடிகட்டிக்கு அனுப்பும் பம்ப் வெளியே எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. அது தண்ணீரை 'உறிஞ்சுகிறது' என்று கையேடுகள் எழுதும். இயற்பியல் படிக்கும் நீங்கள் இந்தச் சொல்லைச் சற்றுச் சந்தேகிக்க வேண்டும். பம்ப் தன் வாயருகே அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். குளத்தின் மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 1 கிலோகிராம் எடை வீதம் அழுத்தும் வளிமண்டலமே தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது.

கருவியின் வயிற்றில் இரண்டு நீர்வழிகள். நடுவே ஒரு மடல். ஒரு வழியில் நீர் விரையும்போது, பெர்னூலியின் தத்துவப்படி அங்கே அழுத்தம் குறைகிறது. மடல் அப்பக்கம் தள்ளப்பட்டு வழியை அடைக்கிறது. உடனே மறு வழியில் நீர் விரைய, மடல் திரும்புகிறது. இப்படி 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். 10 மீட்டர் நீளமும் 3.8 சென்டிமீட்டர் உள்விட்டமும் உள்ள ஹோஸில் எவ்வளவு நீர் இருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 11 கிலோகிராம்! மணிக்கு 5,000 லிட்டர் பாய்ந்தால், அதன் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். பேருந்து சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? அதுபோல், மடல் வழியை அடைக்கும் ஒவ்வொரு முறையும் ஓடும் நீர்த்தம்பம் ஹோஸைச் சுண்டுகிறது. கருவி ஒரு சிறு எட்டு வைக்கிறது.

இனி, கருவி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் மடலில் கூழாங்கல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். அது இல்லையென்றால், அழுத்த வேறுபாடு எங்கே தொலைந்தது என்று தேட வேண்டும். இதற்கு வடிகட்டித் தொட்டியின் மேலுள்ள அழுத்தமானி உதவும். வடிகட்டி அழுக்கேறி அடைத்திருந்தால் முள் வழக்கத்தைவிட மேலே நிற்கும். பம்ப் தள்ளும் நீருக்குப் போக வழி இல்லை. பம்புக்கு முன்னாலுள்ள சல்லடைக் கூடையில் இலை நிறைந்திருந்தால் முள் கீழே இறங்கிவிடும். பம்புக்கே நீர் வந்து சேரவில்லை. நோய்க்குறி ஒன்றுதான், மானியின் முள் காட்டும் திசை நேர் எதிர்! முன்னதற்கு வடிகட்டியைக் கழுவ வேண்டும். பின்னதற்குக் கூடையைக் கொட்டினால் போதும். முள்ளைப் பாராமல் கருவியைக் கழற்றிப் போடுபவர்களே அதிகம்.

முள் கீழே இருக்கிறது, கூடையோ சுத்தமாக இருக்கிறது என்றால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். நீர் குளத்துக்குத் திரும்பும் வாயில் குமிழிகள் வருகின்றனவா என்று பாருங்கள். இக்கசிவைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஏனெனில் தண்ணீர் வெளியே சொட்டாது. குழாயின் உள்ளே அழுத்தம் குறைவாதலால் வெளிக்காற்றுதான் உள்ளே நுழையும். இளநீர் குடிக்கும் குழலில் நீர்மட்டத்துக்கு மேலே ஊசியால் ஒரு துளையிட்டுக் குடித்துப் பாருங்கள். இளநீருக்குப் பதில் காற்று வரும். ஒரு துளி கூட வெளியே சிந்தாது. எனவே பழகிய கைகள் ஒரு தந்திரம் செய்கின்றன. பம்ப் ஓடும்போதே ஒவ்வோர் இணைப்பின் மீதும் தண்ணீர் ஊற்றுவார்கள். எந்த இணைப்பில் ஊற்றும்போது குமிழிகள் நிற்கின்றனவோ, அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் பம்பின் மூடியிலுள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும்.

கருவி ஒரே மூலையைச் சுற்றுகிறதா? ஹோஸைச் சுருட்டி வைத்திருந்தால் அந்த வளைவு அதில் நிலைத்துவிடும். வெயிலில் நேராக நீட்டிப் போட்டால் சரியாகும். தரையில் நிற்காமல் மேலே மிதந்தால், ஹோஸில் காற்று தங்கியிருக்கிறது என்று பொருள். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நீங்களே பொருத்திக்கொள்வீர்கள்.

பழுது பார்ப்பதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பம்ப் ஓடும்போது திறந்திருக்கும் எந்த உறிஞ்சு துளையிலும் கை வைக்காதீர்கள். அதனருகே தலைமுடி பரவவும் விடாதீர்கள். அடித்தரை வடிகால் ஒன்றின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஓர் உடல் அதை முழுதும் மூடி, அழுத்தம் பாதி வளிமண்டல அளவு குறைந்தால், உடலை அழுத்தும் விசை 150 கிலோகிராம் எடைக்கும் மேல்! பெரியவர்களாலும் இழுத்து மீட்க இயலாது. இப்படிக் குழந்தைகள் உயிரிழந்த பிறகே, பொது நீச்சல் குளங்களின் வடிகால்களுக்கு உடலைப் பிடித்துவைக்காத மூடிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் 2007-இல் அமெரிக்காவில் நிறைவேறியது. ஒற்றை வடிகால் உள்ள குளத்தில், அடைப்பு ஏற்பட்டதும் பம்பை நிறுத்துவது போன்ற கூடுதல் பாதுகாப்பும் வேண்டும் என்றது அச்சட்டம்.

யாரேனும் அப்படிச் சிக்கிக்கொண்டால் இழுத்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை. முதலில் ஓட வேண்டியது பம்பின் சுவிட்சை நோக்கி. பம்ப் நின்றதும் அழுத்த வேறுபாடு மறையும், பிடியும் தளரும்.