ஈல் வாங்கும் முன் பில்லில் இனத்தின் பெயரை எழுதி வாங்குங்கள்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில், பென்சில் பருமனில் நெளிந்துகொண்டிருக்கும் குட்டியைக் காட்டி விவரம் கேட்டால், ‘ஈல் சார், சின்ன டைப், பெருசா வளராது, எல்லா மீனோடவும் இருக்கும்’ என்று பதில் வரும். அந்தப் பதில் சரியா தவறா என்பது, அது எந்த இனத்தின் குட்டி என்பதைப் பொறுத்தது. அதைக் கேட்காமலே வாங்கிப் போகிறோம். பிறகு, சில ஈல்கள் தொட்டியின் ஓர் ஓரத்தில் பட்டினி கிடந்து சாகின்றன. சில, கூட இருந்த கப்பிகளையும் நியான் டெட்ராக்களையும் இரவோடு இரவாகத் தின்றுவிடுகின்றன. சில வளர்ந்து வளர்ந்து தொட்டிக்குள் திரும்பக்கூட இடமில்லாமல் போய், ஏரியில் விடப்படுகின்றன.

ஈல் என்று நம் கடைகளில் விற்கப்படுவதில் பெரும்பகுதி ஆரல் குடும்பம். குளத்திலும் ஆற்றிலும் பிடித்துக் குழம்பு வைக்கிறோமே, அதே ஆரலின் உறவுகள். முதுகில் வரிசையாக முட்கள், முன்னால் நீண்டு அசையும் மூக்கு, பகலில் மணலுக்குள் ஒளிந்திருக்கும் பழக்கம் ஆகியவை இந்தக் குடும்பத்துக்குப் பொதுவானவை. ஆனால் அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. இந்தியாவின் வடக்கு, கிழக்கு ஆறுகளில் வாழும் மாக்ரோக்நாதஸ் பாங்காலஸ் ஏறக்குறைய 18 முதல் 20 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். கடைக்காரர்கள் பீகாக் ஈல் என்று தரும் தென்கிழக்காசிய இனம் 20 முதல் 30 சென்டிமீட்டர் வரும். நம் ஆறுகளிலேயே கிடைக்கும் மாஸ்டசெம்பெலஸ் ஆர்மேட்டஸ், அதாவது ஜிக்ஜாக் ஈல், 90 சென்டிமீட்டர்வரை வளரக்கூடியது. சிவப்புக் கோடுகளோடு கண்ணைப் பறிக்கும் ஃபயர் ஈல் ஒரு மீட்டரைத் தொடும். குட்டியாக இருக்கும்போது இந்த நான்கும் ஒரே தட்டில், ஏறக்குறைய ஒரே விலையில் கிடக்கலாம்.

ஆரல் அல்லாதவையும் இதே பெயரில் வருகின்றன. ‘ஃப்ரெஷ்வாட்டர் மோரே’ என்று விற்கப்படும் புள்ளி போட்ட மீன், கங்கைக் கழிமுகம் போன்ற உவர்நீரில் வாழ்வது. நன்னீர்த் தொட்டியில் போட்டால் சில காலம் தாக்குப்பிடித்து, தீனி மறுத்து, மெலிந்து போகும். ஆற்றில் பிடித்த விலாங்குக் குட்டியைத் தொட்டியில் விடுபவர்களும் இருக்கிறார்கள். விலாங்கு ஒரு மீட்டரைத் தாண்டும். முட்டையிடக் கடலுக்குப் போகும் உயிர் அது. ஈரம் இருந்தால் போதும், மூடியின் இடுக்கு வழியே வெளியேறித் தரையில் ஊர்ந்து போய்விடும். இதை வீட்டில் வளர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டடி தொட்டிதான் இருக்கிறது, ஆனாலும் நெளியும் மீன் ஒன்று வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வது கூலி லோச். ஈல் அல்ல, அயிரை மீனின் சொந்தம். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாது, கூட்டமாக வாழும், சாதுவான சின்ன மீன்களை ஒன்றும் செய்யாது. ஐந்தாறாக வாங்கிவிட்டால் பகலிலும் வெளியே வந்து விளையாடும்.

ஆரல்தான் வேண்டும் என்றால் இடத்தைக் கணக்குப் போடுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் தண்ணீர் 56 லிட்டர். பீகாக் ஈலுக்கு இது போதாது. மூன்றடிக்கு ஒன்றேகாலுக்கு ஒன்றேகால் என்றால் சுமார் 132 லிட்டர். ஒரு பீகாக் ஈலும் சாதுவான நடுத்தர மீன்கள் சிலவும் நிம்மதியாக இருக்கலாம். ஜிக்ஜாக்குக்கோ ஃபயர் ஈலுக்கோ ஐந்து, ஆறு அடித் தொட்டி வேண்டும். ஐந்துக்கு இரண்டுக்கு இரண்டு என்றால் தண்ணீரின் எடை மட்டுமே அரை டன்னுக்கு மேல். வாடகை வீட்டு மாடியில் அதை வைக்க முடியுமா என்பதை வீட்டுக்காரரிடமும், முடிந்தால் கட்டடப் பொறியாளரிடமும் கேட்டுவிட்டுத்தான் மீனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் கூர்மையான வண்ணக் கற்களைக் கொட்டுவது நம் ஊர் வழக்கம். ஆரலுக்கு அது எமன். தலையை முதலில் நுழைத்து உடலை முழுக்கப் புதைத்துக்கொள்ளும் மீன் அது. செதில்கள் மிகச் சிறியவை. கல் உரசி வந்த கீறலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறும். நன்றாகச் சலித்துக் கழுவிய மெல்லிய மணல் இரண்டு அங்குலமாவது போடுங்கள். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்றும் வேண்டும். மூடி இல்லாத தொட்டியில் ஆரல் தங்காது. ஃபில்டர் குழாய்க்காகவும் ஒயருக்காகவும் விட்ட ஓட்டை போதும், காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடக்கும். அந்த ஓட்டைகளை ஸ்பாஞ்ச் வைத்து அடையுங்கள்.

ஆனால் ஆரலைக் கொல்வதில் முதலிடம் பசிக்குத்தான். கம்யூனிட்டி டேங்கில் நாம் போடும் மிதக்கும் பெல்லட்டைக் கௌராமியும் பார்ப்பும் அரை நிமிடத்தில் தீர்த்துவிடும். ஆரல் அதைத் திரும்பியும் பார்க்காது. அதன் கண் பலவீனம், மூக்குதான் எல்லாம். விளக்கை அணைத்துக் கால்மணி நேரம் கழித்துத் தொட்டியருகே உட்கார்ந்து பாருங்கள். மணலில் முதலில் மூக்கு நுனி மட்டும் எழும்பும், அதன் இரண்டு பக்கமும் குழாய் போல நீண்ட நாசித் துளைகள் தெரியும். அது வலமும் இடமும் துழாவி, வாடை வந்த திசையைப் பிடித்த பிறகே உடல் மெல்ல வெளியே வரும். அப்போதுதான் தீனி போட வேண்டும். மற்ற மீன்களுக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, இருட்டில், கழுவிய மண்புழுத் துண்டோ, உறைந்த பிளட்வொர்மோ, பொடியாக நறுக்கிய இறாலோ, நீண்ட இடுக்கியால் அதன் மூக்கருகே வையுங்கள். சாக்கடை ஓரத்தில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழுவைத் தவிர்ப்பது நல்லது, நோயையும் கூட்டிக்கொண்டு வரும். வயிறு ஒட்டி, உடலைவிடத் தலை பெரிதாகத் தெரிந்தால் அது ஏற்கெனவே பட்டினியில் இருக்கிறது. கடையிலேயே அப்படி இருக்கும் மீனை வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன் ‘ஒரு புழு போடுங்கள், சாப்பிடுகிறதா பார்க்கலாம்’ என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் தயங்க மாட்டார்.

புதுத் தொட்டியில் நேராக ஆரலை விடாதீர்கள். தண்ணீரில் அமோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மெட்ரோ தண்ணீரின் குளோரினை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும். புதிதாக வந்த மீனை இரண்டு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். ஆற்றில் பிடித்து விற்கப்படும் ஆரலுக்குக் குடல் புழுக்கள் இருப்பது சாதாரணம். வெள்ளைப்புள்ளி நோய்க்கு என்று விற்கும் தாமிரம், மாலகைட் பச்சை கலந்த மருந்துகளைச் சாதாரண மீன்களுக்கு ஊற்றும் அளவில் ஊற்றினால் நோய்க்கு முன்னால் மருந்தே கொன்றுவிடும். பாதி அளவில் தொடங்குவது பாதுகாப்பு. மீன்வளக் கல்லூரியிலோ மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ கேட்டுக்கொண்டு தொடங்கினால் இன்னும் நல்லது.

மனிதருக்கு வரும் ஆபத்துகளைப் பற்றிக் கடைகளில் யாரும் பேசுவதில்லை. ஆரலின் முதுகு முள்ளில் விஷம் இல்லை, ஆனால் வெறுங்கையால் பிடித்தால் குத்தும். வலையில் சிக்கினால் மீனுக்கும் காயம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டிப் பிடிப்பதே சரி. மீன் தொட்டித் தண்ணீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி இருக்கலாம். கையில் கீறலோடு தொட்டியைக் கழுவினால் அது உள்ளே போய், வாரக்கணக்கில் ஆறாத சிவந்த கட்டிகளாக வரும். சாதாரணக் களிம்புகளுக்குக் கட்டுப்படாது. மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். ஆறாத புண்ணோடு மருத்துவரிடம் போனால் ‘வீட்டில் மீன் வளர்க்கிறேன்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சரியான சோதனை நடக்காமலே நாள் கடந்துவிடும். தண்ணீர் மாற்றும்போது டியூபை வாயால் உறிஞ்சும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கையை உள்ளே விடும் முன் மோட்டார், ஹீட்டர் இரண்டின் பிளக்கையும் பிடுங்குங்கள். தொட்டி இருக்கும் வீட்டில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்சிசிபி இருப்பது உயிர்காப்பு.

இனி உரிமை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அசையும் சொத்து எதுவும் ‘சரக்கு’தான், விற்பனை மீனும் அதில் அடக்கம். உயிரைச் சரக்கு என்று சொல்வது மனதுக்கு ஒப்பவில்லைதான். ஆனால் வாங்கியவருக்குப் பிடிமானம் அங்கேதான் இருக்கிறது. பில் கொடுக்க மறுப்பது அந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தரம், வகை பற்றித் தவறாகச் சொல்லி விற்பதும் அப்படியே. குறையுள்ள சரக்கை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே வகைதான். ‘விற்ற மீன் திரும்பப் பெறப்படாது’ என்று சுவரில் எழுதிவைத்தால் மட்டும் கடைக்கு இதிலிருந்து விலக்கு கிடைத்துவிடாது. ஆகவே பில் கேளுங்கள். ‘ஈல் 1’ என்று எழுதினால், இனத்தின் பெயரையும், முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி எழுதக் கடைக்காரர் தயங்கினால், அவருக்கே அது என்ன மீன் என்று தெரியாது. அப்படிப்பட்ட கடையில் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் வாங்கி பஸ் பார்சலில் வரவழைப்பவர்கள் கவரைப் பிரிக்கும் முன்பே வீடியோ எடுக்கத் தொடங்க வேண்டும். இறந்து வந்ததற்கு வேறு சாட்சி கிடையாது. கடைக்காரர் சொல்லும் முதல் பதில் ‘உங்க தண்ணி சரியில்ல’ என்பதுதான். பல நேரம் அது உண்மையும்கூட. அதனால் மீனை விடும் அன்றே அமோனியா, பிஎச் சோதனை செய்து, அந்த ஸ்ட்ரிப்பைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தகராறு என்று வந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார், வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இருநூறு ரூபாய் ஆரலுக்காக யாரும் ஆணையம்வரை போக மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எழுத்தில் வரும் புகாரையும் 1915இல் பதிவாகும் புகாரையும் தட்டிக்கழிப்பது கடைக்குக் கடினம்.

மீனின் பக்கம் நிற்கும் சட்டமும் உண்டு, பலம்தான் போதாது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதர் அல்லாத எந்த உயிரும் ‘விலங்கு’தான். அசைய வாய்ப்பில்லாத அளவுக்குச் சிறிய கூண்டிலோ கலத்திலோ அடைத்து வைப்பது குற்றம். உடையவர் போதிய உணவு தராமல் விடுவதும் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். பல பத்தாண்டுகளாக அப்படியே இருக்கும் இந்தத் தொகையை உயர்த்தாமல் இந்தச் சட்டத்தால் எந்த மீனுக்கும் பயன் இல்லை. 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயல், பறவைகள் என்று பட்டியல் போட்டபோது மீனைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. ஆகவே கொளத்தூரிலோ வேறெங்கோ ஒரே கவரில் முப்பது ஆரல் குட்டிகள் திணிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், நாம் வாங்க மறுப்பதும், மீன்வளத் துறைக்கு எழுதுவதும்தான் இப்போதைக்குக் கையில் உள்ள வழி.

தொட்டிக்கு மீறி வளர்ந்த ஆரலை என்ன செய்வது? ஏரியில் மட்டும் விடாதீர்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், தென்கிழக்காசியாவிலிருந்து போன பீகாக் ஈல் இன்று கால்வாய்களில் தானாகவே பெருகி வாழ்கிறது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து கொட்டிய சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் வலை நிறைய வந்து, வலையைக் கிழித்து, மீனவரின் ஒரு நாள் கூலியைக் கெடுக்கிறது. உள்ளூர் ஆரலாக இருந்தாலும் தொட்டியில் ஒட்டிக்கொண்ட நோய்க்கிருமியைக் குளத்துக்குள் கொண்டுபோகும். வாங்கும்போதே ‘வளர்ந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா’ என்று கேட்டு, அதையும் பில்லில் எழுதி வாங்கியிருந்தால் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள், மீன்வளக் கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள். தேடும் நாட்களில் தினமும் தண்ணீரில் கால்பங்கை மாற்றி, இரவுத் தீனியை நிறுத்தாமல் கொடுத்துவந்தால் அது தாக்குப்பிடிக்கும்.