தோற்றால் வீட்டுக்கு! ஐஸ் தரையில் கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆக்கி

கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு ஐஸ் புதிது அல்ல. பக்கத்தில் காசிமேடு இருக்கிறது. அங்கே பெரிய பெரிய ஐஸ் கட்டிகளை உடைத்து மீன் மேல் கொட்டுகிறார்கள். வெயில் காலத்தில் சர்பத்துக்கும் ஐஸ் வேண்டும். "ஐஸ் எதற்கு?" என்று கேட்டால், இந்த இரண்டையும்தான் நாம் சொல்வோம்.

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "ஆக்கி ஆடுவதற்கு!" என்பார்கள்.

ஆம். ஐஸ் தரைதான் மைதானம். காலில் இரும்புத் தகடு பதித்த பூட்சு. கையில் வளைந்த மட்டை. வழுக்கிக்கொண்டே பறக்கிறார்கள். மார்ச் மாதம் வந்தால் இந்த ஆட்டத்தில் ஒரு பெரிய போட்டி நடக்கிறது. அதில் ஒரே ஒரு விதி: தோற்றால் வீட்டுக்கு!

சென்னைக்கு வந்த பாஸ்டன் ஐஸ்

போட்டி முடிவது பாஸ்டன் நகரில். அந்த நகருக்கும் நம் சென்னைக்கும் பழைய உறவு உண்டு.

இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தெரியாத காலம் அது. பாஸ்டன் பக்கத்தில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து பாறையாகிவிடும். பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி அதை அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, கப்பலில் ஏற்றினார். 1833-இல் அப்படி ஒரு கப்பல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. ஏற்றியது சுமார் 180 டன். வழியில் உருகியது போக சுமார் 100 டன் மிஞ்சியது!

பிறகு சென்னைக்கும் ஐஸ் வந்தது. அதைச் சேர்த்து வைக்க 1840-களில் கடற்கரையில் ஒரு கட்டிடம் எழும்பியது. அதுதான் ஐஸ் அவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

நம் ஊருக்கு வந்து தண்ணீரைக் குளிரவைத்தது அந்த ஏரி ஐஸ். அதே ஏரிகளின் மேல்தான் பாஸ்டன் பக்கத்துப் பிள்ளைகள் வழுக்கி விளையாடிப் பழகினார்கள்.

ஆட்டம் எப்படி?

நம் ஆக்கியில் ஓர் அணிக்கு 11 பேர். ஐஸ் ஆக்கியில் 6 பேர். அவர்களில் ஒருவர் கோல் காவலர்.

பந்து கிடையாது. 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வில்லைதான் பந்து. அதன் கனம் ஓர் அங்குலம். குறுக்களவு 3 அங்குலம். எடை சுமார் 170 கிராம். ரப்பர் துள்ளக் கூடாது என்பதற்காக, ஆட்டத்துக்கு முன்பே அதைக் குளிரில் உறைய வைத்துவிடுகிறார்கள்.

ஆட்டம் 60 நிமிடம். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. ஆனால் ஒருவரே முழு நேரமும் ஆட முடியாது. வேகம் அப்படி! முக்கால் நிமிடம் ஆடியதும் மூச்சு வாங்கும். உடனே வெளியே வந்து உட்கார்ந்துவிடுவார். இன்னொருவர் உள்ளே குதிப்பார். ஆட்டம் நிற்காது.

தப்பாட்டம் ஆடினால் தண்டனை உண்டு. குற்றம் செய்தவர் தனியாக ஒரு கூண்டில் போய் 2 நிமிடம் உட்கார வேண்டும். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். கல்லூரி மாணவர்கள் முகத்தை மூடும் கவசம் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும்.

பாஸ்டனில் கடைசிப் பந்தயங்கள் நடக்கும் மண்டபத்தின் பெயர் 'டி.டி. கார்டன்'. அங்கே 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். கூடைப்பந்து ஆட்டமும் அதே மண்டபத்தில்தான்! அப்போது ஐசை உருக்கிவிடுவதில்லை. அதன் மேல் பலகைகளை அடுக்கி, மரத்தரை போட்டுவிடுவார்கள். கூடைப்பந்து முடிந்ததும் பலகையை எடுத்தால், அடியில் ஐஸ் தயாராக இருக்கும்.

பதினோரு கல்லூரிகள்

போட்டியை நடத்தும் சங்கத்தின் பெயர் 'ஆக்கி ஈஸ்ட்'. கிழக்குப் பகுதிக் கல்லூரிகள் சேர்ந்து அமைத்த சங்கம். 1984-இல் அதன் ஆட்டங்கள் தொடங்கின. பாஸ்டன் கல்லூரி, பாஸ்டன் பல்கலைக்கழகம், நார்த்ஈஸ்டர்ன், பிராவிடன்ஸ், மெயின் போன்றவை இதில் உண்டு. பாஸ்டன் கல்லூரியை 1863-இல் நிறுவியவர்கள் ஏசு சபையார். நம் லயோலா கல்லூரியை 1925-இல் தொடங்கியவர்களும் அவர்களே.

போட்டியின் அமைப்பு நமக்கு எளிதில் விளங்கும். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று 11 ஊர்கள் சேர்ந்து கால்பந்துப் பந்தயம் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பல மாதம் எல்லாரும் எல்லாரோடும் ஆடுகிறார்கள். வெற்றிக்கு ஏற்ப 1 முதல் 11 வரை இடம் கொடுக்கிறார்கள். முதல் இடம் பெற்றவருக்கு ஒரு பரிசு. ஆனால் கதை அதோடு முடியவில்லை. கடைசி இடத்தில் இருப்பவர் உள்பட எல்லாரையும் மறுபடி அழைக்கிறார்கள். "இனி ஒரு பந்தயம் தோற்றாலும் வெளியே" என்கிறார்கள்.

இதுதான் ஆக்கி ஈஸ்ட் போட்டி. 2025-இல் அது இப்படித்தான் நடந்தது. முதல் 5 இடம் பெற்றவர்களுக்கு முதல் சுற்று இல்லை. மற்ற 6 அணிகள் மோதின. 3 அணிகள் மிஞ்சின. அவையும் முன்னே இருந்த ஐந்தும் சேர்ந்து எட்டு. எட்டு நான்காயிற்று. நான்கு இரண்டாயிற்று. முதல் ஐந்து இடத்தில் இருந்தவருக்கு 3 வெற்றி போதும். பின்னால் இருந்தவருக்கு 4 வெற்றி வேண்டும்.

ஜெயித்தால் கிடைப்பது என்ன? 'லாமொரியெல்லோ கோப்பை'. சங்கத்தை அமைக்கப் பாடுபட்ட லூ லாமொரியெல்லோ என்பவரின் பெயரால் அமைந்த கோப்பை. அதைவிடப் பெரிய பரிசு ஒன்றும் உண்டு. நாடு முழுவதற்குமான கல்லூரிப் போட்டியில் 16 அணிகளுக்கே இடம். கோப்பையை ஜெயித்தவருக்கு அதில் ஓர் இடம் நிச்சயம். அதுவரை எத்தனை தோல்வி என்று யாரும் கேட்க மாட்டார்கள்!

இது நியாயமா?

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது.

அக்டோபரில் தொடங்கி மாதக்கணக்கில் 30-க்கும் மேற்பட்ட பந்தயங்கள். குளிரிலும் பனியிலும் பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆடி முதல் இடத்தைப் பிடிக்கிறது ஓர் அணி. ஒரே ஒரு கெட்ட இரவு. அவ்வளவுதான், கோப்பை போச்சு! வருடம் முழுவதும் நன்றாகப் படித்தவனுக்குப் பரீட்சை அன்று காய்ச்சல் வந்ததுபோல. இது நியாயமா?

இல்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2016-இல் நடந்ததைக் கேளுங்கள்.

நார்த்ஈஸ்டர்ன் அணி அந்தப் பருவத்தில் முதலில் ஆடியது 14 பந்தயம். ஜெயித்தது ஒன்றே ஒன்று! தோற்றது பதினொன்று. மீதி இரண்டும் சமன். வேறு முறையாக இருந்தால், "இந்த வருடம் போயிற்று" என்று மூட்டை கட்டியிருப்பார்கள். மார்ச்சில் இன்னொரு வாசல் திறக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். விடாமல் ஆடினார்கள். ஜெயிக்கத் தொடங்கினார்கள். இறுதிப் பந்தயத்தில் மாசசூசெட்ஸ் லோவெல் அணியை 3-2 என்று வென்றார்கள். அதற்கு முன் அவர்கள் அந்தக் கோப்பையைத் தொட்டது 1988-இல். 28 வருடக் காத்திருப்பு!

முன்னே நிற்பவனுக்கு இந்த விதி பயம். பின்னே நிற்பவனுக்கு இதுதான் நம்பிக்கை. கடைசி இடத்தில் இருப்பவனும் கடைசி நாள் வரை பயிற்சிக்கு வருவது இதனால்தான்.

உழைத்தவனை விதி அடியோடு மறந்துவிடவும் இல்லை. முதல் இடத்துக்குத் தனிப் பரிசு உண்டு. ஒரு சுற்று மிச்சம். எட்டு அணிச் சுற்றை, பட்டியலில் மேலே உள்ள அணி சொந்த ஊரிலேயே ஆடலாம். சொந்த ஊர்க் கூட்டத்தின் கூச்சல் பாதி பலம் அல்லவா?

உண்மையில் வல்லவனாக இருப்பவனை இந்த விதி ஒன்றும் செய்வதில்லை. 1993-இல் மெயின் அணி 45 பந்தயம் ஆடியது. 42 வெற்றி, 2 சமன், ஒரே ஒரு தோல்வி! ஆக்கி ஈஸ்ட் கோப்பையும் அதற்கே. தேசியக் கோப்பையும் அதற்கே. அந்த அணியில் பால் கரியா என்ற முதல் வருட மாணவர் இருந்தார். அந்தப் பருவத்தில் அவர் அடித்த கோல் 25. பிறர் கோல் அடிக்க உதவியது 75 தடவை. நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. முதல் வருட மாணவர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

அதே மெயின் அணி 2004-க்குப் பிறகு 21 வருடம் கோப்பை இல்லாமல் இருந்தது. 2025-இல் கனெக்டிகட் அணியை 5-2 என்று வென்று மீண்டும் தூக்கியது. கல்லூரி இருப்பது பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரத்தில். ரசிகர்கள் அங்கிருந்து திரண்டு வந்திருந்தார்கள்.

நள்ளிரவு தாண்டியும் முடியாத ஆட்டம்

இந்தப் போட்டியில் சமன் என்பது கிடையாது. 60 நிமிடத்தில் முடிவு தெரியாவிட்டால், இன்னும் 20 நிமிடம் ஆட வேண்டும். யார் முதலில் கோல் போடுகிறாரோ அவர் ஜெயித்தார். யாரும் போடாவிட்டால் இன்னும் 20 நிமிடம்.

1985-இல் நடந்த முதல் இறுதிப் பந்தயமே இப்படி நீண்டது. பிராவிடன்ஸ் அணியும் பாஸ்டன் கல்லூரியும் மோதின. பிராவிடன்சின் கோல் காவலர் கிரிஸ் டெரெரி. அவர் அன்று தடுத்த அடிகள் 65! இரண்டாவது கூடுதல் நேரத்தில் பிராவிடன்ஸ் 2-1 என்று ஜெயித்தது.

2015 மார்ச் 6-ஆம் தேதி நடந்தது இதையும் மிஞ்சியது. அப்போது முதல் சுற்றில் மூன்று பந்தயம் உண்டு. இரண்டில் ஜெயித்தவர் மேலே போவார். நோட்டர் டேம் அணியும் மாசசூசெட்ஸ் அணியும் மோதின. ஒரு கூடுதல் நேரம். இரண்டு. மூன்று. நான்கு. முடிவு இல்லை! நள்ளிரவு தாண்டிவிட்டது. ஐந்தாவது கூடுதல் நேரத்தில் மாசசூசெட்சின் ஷேன் வால்ஷ் ஒரு கோல் போட்டார். 4-3. மொத்தம் ஆடியது 151 நிமிடம் 42 விநாடி. இரண்டரைப் பந்தயத்தை ஒரே இரவில் ஆடிவிட்டார்கள்! அமெரிக்கக் கல்லூரி ஆக்கியில் அதற்கு முன் அத்தனை நீண்ட ஆட்டம் நடந்ததில்லை.

சரி, அவர்கள் கோப்பையை ஜெயித்தார்களா? இல்லை. அடுத்த இரண்டு பந்தயங்களிலும் நோட்டர் டேம் வென்றது. சரித்திரம் படைத்த அணி முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனது. ஆனாலும் அந்த இரவை இன்றும் பேசுகிறார்கள்.

மாணவர்கள் வென்ற தங்கம்

"மாணவர்கள்தானே" என்று எண்ணிவிட வேண்டாம். 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்கா அனுப்பியது பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகளைத்தான். எதிரே சோவியத் யூனியன். உலகமே நடுங்கிய அணி! பிப்ரவரி 22 அன்று மாணவர் படை 4-3 என்று ஜெயித்தது. வெற்றிக் கோல் போட்ட தலைவர் மைக் எருசியோனி, கோல் காவலர் ஜிம் கிரெய்க் இருவரும் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். இரண்டு நாள் கழித்துப் பின்லாந்தையும் வென்று தங்கப் பதக்கம் பெற்றார்கள்.

நம் நாட்டிலும் இந்த ஆட்டம் உண்டு. லடாக்கில் குளிர்காலத்தில் குளங்கள் உறைகின்றன. அங்கே சிறுவரும் சிறுமியரும் ஆடுகிறார்கள். 2024-இலும் 2025-இலும் 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டில் ஐஸ் ஆக்கி லே நகரில் நடந்தது. 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியப் பெண்கள் வெண்கலப் பதக்கம் வென்றார்கள்.

கடைசி ஆட்டம்

மீண்டும் பாஸ்டனுக்கு வருவோம். அங்கே ஆடும் மாணவர்களில் மிகச் சிலரே பிறகு ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்கிறார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள்.

ஆகவே கடைசி வருட மாணவனுக்கு "தோற்றால் வீட்டுக்கு" என்பதன் பொருளே வேறு. அவனுக்கு அடுத்த வருடம் கிடையாது. சிறு வயதில் அப்பா கட்டிவிட்ட பூட்சை அன்று கடைசியாகக் கழற்றுகிறான்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. போட்டி ரத்தாயிற்று. அந்த வருடம் கடைசி வருட மாணவர்களுக்குத் தோற்கக்கூட வாய்ப்பு இல்லை! கோப்பை போனதைவிட, ஆடாமல் போனதே பெரிய இழப்பு.

ஆட்டம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு அணியும் வரிசையாக நின்று, ஒருவர் விடாமல் கை குலுக்குகிறார்கள். ஜெயித்தவன் கோப்பையைத் தொடுவதற்கு முன் தோற்றவன் கையைத் தொடுகிறான்.