எழுதுவதற்கு முன் படிக்கக் கற்போம்

மென்பொருள் துறையில் வேலை என்றால் புதிதாக நிரல் எழுதுவது என்றே பலரும் எண்ணுகிறோம். நடைமுறை வேறு. பணியில் சேரும் இளைஞரிடம் பெரும்பாலும் ஒப்படைக்கப்படுவது, யாரோ எப்போதோ எழுதிய பல லட்சம் வரிகள் கொண்ட நிரல்தொகுப்பு. அதில் ஒரு வரியைத் திருத்துவது எளிது. திருத்த வேண்டிய வரி எது என்று கண்டறிவதுதான் கடினம்.

நான் வசிக்கும் பொழிச்சலூரிலிருந்தும் அருகிலுள்ள பம்மல், அனகாபுத்தூர் பகுதிகளிலிருந்தும் ஏராளமான இளைஞர்கள் தாம்பரம் மெப்ஸ் வளாகத்துக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர். கல்லூரியில் நிரல் எழுதக் கற்றோம், பிறர் நிரலைப் படிக்கக் கற்கவில்லை என்பதே அவர்களில் பலர் என்னிடம் கூறும் குறை.

இது பொருளாதாரச் சிக்கலும்கூட. சந்தையில் குறைந்த விலையைத் தேடுவதற்கும் ஒரு செலவு உண்டு என்பதை 1961-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் விளக்கினார். பின்னர் 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். நிரலுக்குள் தேடுவதும் அத்தகைய செலவே. அது சம்பளக் கணக்கில் தனியாகத் தெரிவதில்லை. இளைஞரின் இரவு நேரமாகவும் தன்னம்பிக்கைக் குறைவாகவும் கழிகிறது.

இந்தத் தேடலின் மதிப்பை இந்தியா ஏற்கெனவே அறிந்திருக்கிறது. நினைவகத்தைச் சேமிக்க ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதிய பழைய நிரல்கள், 2000 பிறந்ததும் அதை 1900 என்று கொள்ளும் அபாயம் இருந்தது. 'ஒய்-டூ-கே' எனப்பட்ட இச்சிக்கலில் திருத்தம் சிறியது. ஆனால், தேதி எந்தெந்த மூலைகளில், எந்தெந்தப் பெயர்களில் ஒளிந்திருக்கிறது என்பதைக் கோபால் மொழியின் பழைய நிரல்களில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பணியை ஏற்றதும் நம் மென்பொருள் நிறுவனங்கள் உலகின் நம்பிக்கையைப் பெற ஒரு முக்கியக் காரணம். பிறர் நிரலைப் படித்ததற்குக் கிடைத்த வெகுமதி அது.

ஒரு பெரிய நிரல்தொகுப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பது இயலாது. 1991-இல் சுமார் பத்தாயிரம் வரிகளுடன் தொடங்கிய லினக்ஸ் கருநிரல், இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்துவிட்டது. எனவே, கருவிகள் தேவை.

முதலாவது, சொல் தேடும் கருவி. 1970-களில் கென் தாம்சன் உருவாக்கிய 'கிரெப்' இன்றும் பயன்படுகிறது. கட்டணச் செயலி ஒன்றில் 'நிலுவைத் தொகை' தவறாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் தெரியும் அந்தச் சொல்லையே நிரலில் தேடினால் நுழைவாயில் கிடைத்துவிடும்.

இரண்டாவது, அடைவு தரும் கருவி. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் இணைத்த அரும்பத அகராதி, ஒரு சொல் நூலில் எங்கே வருகிறது என்று காட்டும். 'சிடேக்ஸ்', 'சிஸ்கோப்' போன்றவை நிரலுக்கு அப்பணியைச் செய்கின்றன. நிலுவையைக் கணக்கிடும் செயற்கூறு எங்கே வரையறுக்கப்பட்டது என்பதை 'சிடேக்ஸ்' காட்டும். அதை யார் யார் அழைக்கிறார்கள் என்பதையும் 'சிஸ்கோப்' சொல்லும். இன்றைய நிரல் தொகுப்பான்களில் இவ்வசதிகள் ஒரு சொடுக்கில் கிடைக்கின்றன.

மூன்றாவது, வழுநீக்கி. நிரலை இடையில் நிறுத்தி, அந்தக் கணத்தில் ஒவ்வொரு மாறியிலும் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்க உதவுவது. ஊகத்துக்கு இங்கே இடமில்லை.

நான்காவது, மாற்ற வரலாறு. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்', ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எப்போது, என்ன குறிப்புடன் மாற்றினார் என்பதைச் சொல்லும்.

முதல் மூன்றும் 'எங்கே', 'எப்படி' என்ற கேள்விகளுக்கு விடை தரும். 'ஏன்' என்பதற்கு நான்காவதுதான் ஓரளவேனும் துணை. நிரல் என்பது வெறும் எழுத்தன்று, அதை ஆக்கியோரின் மனத்தில் உள்ள கோட்பாடு என்று டென்மார்க் அறிஞர் பீட்டர் நௌர் 1985-இல் வாதிட்டார். அவர்கள் விலகிச் சென்றால் அந்த அறிவும் சென்றுவிடும். எனவே, 'திருத்தப்பட்டது' என்று மட்டும் குறிப்பெழுதுபவர், பின்னால் வருபவரின் உழைப்பைக் கடனாக வாங்குகிறார். செயற்கை நுண்ணறிவு இன்று நிரலை விளக்கிச் சொல்கிறது. ஆனால், அது சொல்வது சரிதானா என்று சரிபார்க்கவும் இதே கருவிகள் வேண்டும்.

நம் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர் பெரும்பாலும் வெற்றுக் கோப்பிலிருந்தே தொடங்குகிறார். இது மாற வேண்டும். கட்டற்ற மென்பொருள் ஒன்றைக் கொடுத்து, அதில் ஒரு பிழையைக் கண்டறிந்து திருத்தி, திருத்தியதன் காரணத்தையும் எழுதச் சொல்லும் தேர்வு ஒன்றாவது வேண்டும். இதற்குக் கூடுதல் செலவில்லை; மேற்சொன்ன கருவிகளுள் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சியிலும் இதற்கு இடமளிக்கலாம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர அண்ணனோ அத்தையோ துறையிலேயே இருக்கக்கூடும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்லூரியை விட்டால் வேறு வழியில்லை. அவருக்கு வேலை கிடைத்தால் மட்டும் போதாது. அந்த வேலையில் அவர் நிலைக்கவும் வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).