வெண்கலம் கொண்ட வாலிபர்கள்

2025-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம் 10-ந் தேதியன்று எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் கூடியிருந்த ஜனங்களில் பெரும்பாலோர், இந்திய வாலிபக் கோஷ்டி வெறுங்கையுடன்தான் திரும்பப் போகிறது என்று மனத்துக்குள் தீர்மானித்துவிட்டார்கள். 60 நிமிஷ ஆட்டத்தில் 48 நிமிஷங்கள் கழிந்திருந்தன. அர்ஜன்டீனா இரண்டு கோல் போட்டிருந்தது. நமது பக்கத்தில் ஒன்றுமில்லை. மாம்பலத்துக்கு ரயில் பிடிக்க வேண்டியவர்களும், மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் பஸ் ஏற வேண்டியவர்களும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கும் வேளை அது. அப்பொழுது எழுந்து போனவர் எவரேனும் இருந்தால், அவர் நமது அனுதாபத்துக்கு உரியவர்.

49-வது நிமிஷத்தில் அங்கித் பால் ஒரு கோல் போட்டார். 52-வது நிமிஷத்தில் மன்மீத் சிங் கணக்கைச் சமன் செய்தார். 57-வது நிமிஷத்தில் சாரதானந்த திவாரி முன்னிலை வாங்கித் தந்தார். அடுத்த நிமிஷமே அன்மோல் எக்கா நான்காவது கோலை அடித்தார். பத்து நிமிஷத்துக்குள் நான்கு கோல்கள்! ஜூனியர் உலகக் கோப்பைப் பந்தயத்தில் மூன்றாம் ஸ்தானமும் வெண்கலப் பதக்கமும் நம்மவருக்குக் கிடைத்தன. 2016-ல் லக்னோவில் கோப்பையையே வென்ற பிறகு, இந்தப் பந்தயத்தில் இந்தியாவுக்கு ஒரு பதக்கம் கிடைப்பது இதுவே முதல் தடவை.

இதன் பின்னர் லஸ் முனையிலும் பனகல் பூங்காப் பெஞ்சுகளிலும் நடந்த விவாதங்களில் இரண்டு கட்சிகள் தோன்றியிருக்கின்றன. பையன்கள் தேசத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், இனி உலகத்தில் நமக்கு நிகர் இல்லை என்பது ஒரு கட்சி. சொந்த மண்ணில், இலவச அனுமதியில் வந்து குவிந்த சொந்த ஜனங்களின் ஆரவாரத்துக்கு நடுவே ஆடியும், ஜெர்மனியிடம் 5-க்கு 1 என்று உதைபட்டவர்களைப் புகழ்வதற்கு என்ன இருக்கிறது என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரும் உண்மையில் பாதியை மட்டுமே பார்க்கிறார்கள் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

பந்தயத்தின் போக்கைச் சற்று நிதானமாகக் கவனிப்போம். இம்முறை 24 தேசங்கள் கலந்துகொண்டன. அத்தனை தேசங்கள் இந்தப் பந்தயத்துக்கு வந்தது இதற்கு முன் இல்லை. பாக்கிஸ்தான் வர மறுத்ததால் அதன் இடத்தில் ஓமன் வந்தது. சென்னையில் சிலியை 7-0 என்றும், மதுரையில் ஓமனை 17-0 என்றும், ஸ்விட்ஸர்லாந்தை 5-0 என்றும் நம்மவர்கள் தோற்கடித்தனர். 29 கோல் போட்டு ஒன்றுகூட வாங்கவில்லை என்று பலர் பெருமை பேசினர். நாம் அதில் அதிக மகிழ்ச்சி கொள்ளவில்லை. 17 கோல் போடும் ஆட்டத்தில் பின்களக்காரனுக்கு வேலை இல்லை. வேலையில்லாத பின்களக்காரன் தன் குறையைத் தெரிந்துகொள்வதும் இல்லை. உண்மையான பரீட்சை கால் இறுதியில் பெல்ஜியத்தோடுதான் தொடங்கிற்று. முதலில் பெல்ஜியமே கோல் போட்டது. காப்டன் ரோஹித்தும் திவாரியும் ஆளுக்கொன்றாகப் போட்டு முன்னிலை பெற்றுத் தந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் பெல்ஜியம் மறுபடியும் சமன் செய்தது. கடைசியில் ஷூட்-அவுட்டில் 4-3 என்ற கணக்கில் நாம் பிழைத்தோம்.

பிழைத்தோம் என்றே சொல்கிறோம். அப்படிப் பிழைப்பித்தவர் கோல் காவலர் பிரின்ஸ்தீப் சிங்.

ஷூட்-அவுட் என்பது என்னவென்று அறியாத நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆட்டக்காரன் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு தனியே புறப்படுவான். காவலன் தனியே எதிர்கொள்வான். எட்டு விநாடிக்குள் கோல் விழவேண்டும். எட்டு விநாடி என்பது சொல்வதற்குச் சிறிது. கோலுக்கு முன் நிற்பவனுக்கு அது ஒரு யுகம். முதலில் பாய்ந்துவிட்டால் ஆட்டக்காரன் சுற்றிக்கொண்டு போய்விடுவான். பாயாமல் தயங்கினாலோ அவன் நிதானமாக இடம் பார்த்து அடிப்பான். எப்பொழுது பாய்வது என்று அறிவதில்தான் அந்த வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. பிரின்ஸ்தீப் தானாக விழவில்லை. எதிரியின் கழி ஒரு பக்கம் திரும்பும் வரையில் காலூன்றி நின்று, அவன் தீர்மானித்த பிறகே தாம் தீர்மானித்தார். இத்தனை பொறுமையை 21 வயதுக்குட்பட்ட வாலிபரிடம் காண்பது அரிது.

இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று ஆராய வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோஷ்டியின் பயிற்சியாளர் ஸ்ரீமான் பி. ஆர். ஸ்ரீஜேஷ், டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்களுக்கும் கோல் வாயிலில் நின்று காவல் புரிந்தவர். 2024-ல் பாரிஸ் பந்தயம் முடிந்ததும் ஆட்டத்திலிருந்து விலகி, வாலிபர்களுக்குக் குருவாக வந்தார். அதே வருஷம் டிஸம்பரில் மஸ்கட்டில் ஜூனியர் ஆசியக் கோப்பை நம்மவருக்குக் கிடைத்தது. குருவின் வித்தை சிஷ்யனிடம் இறங்கியிருப்பதைக் கண்டு மகிழாத ஹாக்கி அபிமானி இரார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ராத்திரி ஷூட்-அவுட்டைக் கண்டு இந்த வாலிபரை இரண்டாவது ஸ்ரீஜேஷ் என்று கூவுவோர் அவருக்கு நன்மை செய்கிறவர்கள் அல்லர். அதே பிரின்ஸ்தீப்பின் கோஷ்டிக்குத்தான் இரண்டு நாள் கழித்து ஜெர்மனி ஐந்து கோல் போட்டது. அவற்றில் பெரும்பாலானவைக்குப் பழி காவலருடையது அன்று. அவருக்கு முன் நின்றவர்கள் பந்தை இழந்துவிட்டு எதிரியின் பின்னே ஓடிக்கொண்டிருந்ததே காரணம். ஆயினும் காவலன் கற்க வேண்டியது இன்னும் மீதி இருக்கிறது. பெரிய கோஷ்டியில் கிருஷன் பாடக் போன்ற அநுபவசாலிகள் அவருக்கு முன்னே வரிசையில் நிற்கிறார்கள். காத்திருக்கும் காலத்தில் அவருக்கு ஆட்டம் கிடைக்குமா, அல்லது பெஞ்சில் உட்கார்ந்து கையுறையைத் தடவிக்கொண்டிருப்பாரா என்பதே நமது கவலை.

ஜெர்மனியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகப் பேசுவது அவசியம். 2021-ல் புவனேசுவரத்தில் அரை இறுதி: ஜெர்மனி 4, இந்தியா 2. 2023-ல் கோலாலம்பூரில் அரை இறுதி: ஜெர்மனி 4, இந்தியா 1. 2025-ல் சென்னையில் அரை இறுதி: ஜெர்மனி 5, இந்தியா 1. மூன்று பந்தயங்கள், ஒரே எதிரி, ஒரே முடிவு. ஒருமுறை தோற்றால் அதிர்ஷ்டக் குறை என்னலாம். மூன்றாவது முறையும் தோற்றால் அது முறையின் குறை. கோலாலம்பூரில் 12 பெனால்ட்டி கார்னர்கள் கிடைத்தும் நம்மவர்கள் ஒன்றையும் கோலாக்கவில்லை. சென்னையில் அந்த வித்தை திருந்தியிருந்தது. அர்ஜன்டீனாவுக்கு எதிரான கோல்கள் பெனால்ட்டி கார்னர், ஸ்டிரோக் ஆகியவற்றால் வந்தவையே. திருந்தாதது வேறு. பந்து ஓடிக்கொண்டிருக்கையில், எதிரி ஒழுங்காக வரிசை கட்டி நிற்கையில், அந்த வரிசையைப் பிளந்து கோல் போடும் திறமை நம்மவரிடம் குறைவாயிருந்தது. ஜெர்மானியர்கள் பந்தை இழந்த மறு கணமே மூன்று பேராக வளைத்துக்கொள்கிறார்கள். நம்மவனோ ஒருவனைத் தாண்டினால் போதும் என்று தனியே புகுந்து இரண்டாமவனிடம் பந்தைக் கொடுத்துவிடுகிறான். தனி மனிதனின் சாகஸத்தில் மயங்குவது நமது தேசத்தின் பழைய வியாதி. அது ஹாக்கியில் மட்டும் இருப்பதன்று என்பதை அரசியல் அநுபவமுள்ள நேயர்கள் அறிவார்கள்.

அந்த ஜெர்மனியே பின்னர் ஸ்பெயினை ஷூட்-அவுட்டில் வென்று எட்டாவது முறையாகக் கோப்பையைக் கொண்டுபோயிற்று. அப்படிப்பட்டவர்களிடம் தோற்ற மூன்றாம் நாள், மனம் ஒடியாமல் 2 கோல் பின்தங்கியிருந்தும் நிமிர்ந்து நின்றார்கள் என்பதே நமது பையன்களுக்கு உரிய நியாயமான புகழ். 2021-லும் 2023-லும் அரை இறுதியில் தோற்றவர்கள் வெண்கல ஆட்டத்திலும் துவண்டு தோற்றார்கள். இவர்கள் துவளவில்லை.

இனி நமது மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறோம். பந்தயம் நடந்தது தமிழ் நாட்டில். பணமும் உழைப்பும் தமிழ் நாட்டினுடையவை. மதுரையில் இதற்கென்றே புதிய மைதானம் எழும்பிற்று. பந்தயத்தின் சின்னமாகக் காங்கேயன் என்ற பெயரில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளையைக்கூட அமைத்தார்கள். ஆனால் இந்தியக் கோஷ்டியின் 18 பேரில் ஒரு தமிழ்ப் பிள்ளை இல்லை! காளைக்கு இடம் கிடைத்தது. காளையை மேய்த்தவன் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. இதைச் சொல்வதால் நாம் மாகாண மனப்பான்மையைத் தூண்டுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். பஞ்சாபியும் மணிப்பூரியும் நமது சகோதரரே. அவர்கள் போட்ட ஒவ்வொரு கோலுக்கும் தமிழர்கள் தொண்டை கட்டும்வரை கூவினார்கள். விருந்துக்கு இடம் கொடுத்தவன் இலையில் உட்காரும் யோக்கியதையையும் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே நாம் சொல்வது.

அந்த யோக்கியதை நமக்கு இல்லாமல் இல்லை. 1980-ல் மாஸ்கோவில் இந்தியா கடைசியாக ஒலிம்பிக் தங்கம் வென்றபோது காப்டன் நமது ஸ்ரீ வி. பாஸ்கரன். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன கோவில்பட்டியில் ஹாக்கி இன்னும் தெருப்பிள்ளைகளின் ஆட்டம். அங்கேயுள்ள ஸர்க்கார் விளையாட்டு விடுதியில் பயின்ற இருவர், அரியலூர் எஸ். கார்த்தியும் கோவில்பட்டி மாரீசுவரன் சக்திவேலும், 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்குச் சென்றார்கள். அதுவும் இளைஞர் கோஷ்டியே. அதுவும் வெண்கலமே கொண்டுவந்தது. கார்த்தி தமது முதல் ஆட்டத்திலேயே, அதுவும் பாக்கிஸ்தானுக்கு எதிராக, கோல் போட்டார். 2023 ஆகஸ்டில் இதே எழும்பூர் மைதானத்தில் ஆசிய சாம்பியன் கோப்பையின்போது மலேசியாவுக்கும் ஜப்பானுக்கும் எதிராக அவர் கோல் போட்ட வேளைகளில் எழுந்த முழக்கத்தைக் கேட்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மறு வருஷம் பாரிஸுக்குப் போன கோஷ்டியில் அவர் பெயர் இல்லை. முதல் ஆட்டத்தின் புகழ் எத்தனை நாள் சோறு போடும் என்பதற்கு நம் வீட்டு உதாரணமே இருக்க, பிரின்ஸ்தீப்பைக் குறித்து நாம் எச்சரிக்கையாகப் பேசுவதில் வியப்பில்லை.

அன்மோல் எக்கா, அத்ரோஹித் எக்கா, ரோஸன் குஜூர் என்ற பெயர்களை நேயர்கள் கவனித்திருப்பார்கள். இவை ஆதிவாசிக் குடும்பங்களின் பெயர்கள். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் தங்கம் வென்ற கோஷ்டிக்குக் காப்டனாகச் சென்ற ஜெய்பால் சிங்கும் ஓர் ஆதிவாசியே. ஒடிஸாவின் சுந்தர்கட் ஜில்லாவில் பல வருஷங்களாக விடுதி அமைத்து, கழி கொடுத்து, சாப்பாடு போட்டு, சிறு வயதிலேயே பையன்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே கோடீசுவரர்கள் இல்லை; கோவில்பட்டியிலும் இல்லை. வித்தியாசம் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. நமக்கு ஒரு கோவில்பட்டி போதாது.

சென்னையின் தென்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பழம்பெரும் உயர்தரப் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றின் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் மட்டை தெரியும். ஹாக்கிக் கழியைத் தொட்டவர் எத்தனை பேர்? தொட்டவர்களும் மண் தரையில் பழகுகிறார்கள். 1976-ல் மாண்ட்ரியாலில் செயற்கைப் புல் வந்தபோது, அதுவரை உலகத்தை ஆண்டுவந்த இந்தியா ஏழாவது ஸ்தானத்துக்கு இறங்கிற்று என்பது சரித்திரம். மண்ணில் துள்ளும் பந்து வேறு. நீர் தெளித்த செயற்கைப் புல்லில் வழுக்கி ஓடும் பந்து வேறு. 16 வயது வரை மண்ணில் ஆடியவன் பிறகு புல்லில் கால் வைத்தால், புதிதாக நடை பயிலும் குழந்தையைப் போலாகிறான்.

எனவே நாம் ஸர்க்காரைக் கேட்பது இதுதான். எழும்பூரிலும் மதுரையிலும் உலகத்தாருக்காகப் புதுப்பித்த புல்தரைகளை, காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும். அடையாற்றுப் பையனும் மந்தைவெளிப் பையனும் எழும்பூருக்குப் போய்வர பஸ் சலுகையும், ஆட்டம் முடிந்தபின் ஒரு வேளை ஆகாரமும் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூட நிர்வாகிகள் பரீட்சை மார்க்கைக் காட்டி இதற்குத் தடை சொல்லலாகாது. வழக்கப்படி அடுத்த ஜூனியர் உலகக் கோப்பை 2027-ல் வரவேண்டும். அதற்கு ஆடவேண்டிய பையன்கள் இன்று கைக்குழந்தைகள் அல்லர். உயர்தரப் பள்ளியிலும் கல்லூரியிலும் வாசித்துக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் பெயர்களை இந்த வருஷமே பதிவு செய்ய ஆரம்பித்தால்தான் காலம் சரியாயிருக்கும்.